புகைக்கப்பலும் நாவாயும்

இலங்கைத் தமிழில் ரயில் இன்றும் புகையிரதம்தான். 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகும் வெள்ளவத்தைக் கடலோரம் ஓடுவது புகையிரதமே. புகைக்கப்பல் என்ற சொல்லுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. அது அகராதியோடு நின்றுவிட்டது.

கரையில் நின்றவருக்குக் கொதிகலன் தெரியாது, இரும்பு உடலும் தெரியாது. அடிவானத்தில் முதலில் எழுவது புகை. அதுவே பெயராயிற்று. நீராவிக்கப்பல் என்பது படித்தவர் சொல். தமிழின் ‘கப்பல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்ட மலாய்மொழியோ அதை ‘கப்பால் ஆப்பி’, அதாவது நெருப்புக் கப்பல், என்றது.

1842இல் சவுதாம்ப்டனிலிருந்து கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் காலிக்கு வந்த ‘ஹிந்துஸ்தான்’ மரத்தாலான சக்கரக் கப்பல். மரம் எஞ்சினின் அதிர்வை நெடுநாள் தாங்காது. நீளத்துக்கும் எல்லை உண்டு. 1843இல் இங்கிலாந்தில் நீரில் இறங்கிய ‘கிரேட் பிரிட்டன்’ இரும்பு உடலும் சுழல்விசிறியும் கொண்டு அந்த எல்லையைத் தாண்டியது. 1869இல் சூயஸ் திறந்ததும் கீழைக் கடல்வழி புகைக்கப்பல்களின் கைக்குப் போயிற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்த கொழும்பில் 1875இல் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1885இல் சுவர் முடிந்தது. காலிக்குப் போன கப்பல்கள் கொழும்பின் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன.

இந்தச் சொற்கதையின் உச்சம் தூத்துக்குடி–கொழும்புப் பாதையில்தான். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டீம் நேவிகேஷன்’ என்று பெயர். தமிழிலோ சுதேசி நாவாய்ச் சங்கம். நீராவியும் இல்லை, புகையும் இல்லை. ‘நாவாய்’ பட்டினப்பாலையிலும் புறநானூற்றிலும் வரும் சொல். காற்றை ஏவல்கொண்டு நாவாய் செலுத்தியவனைப் புறநானூறு போற்றுகிறது. காற்றே வேண்டாத எஞ்சினுக்கு அதே பெயர் வந்து சேர்ந்தது. சங்கத்தின் தலைவர் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். வ.உ.சி.யோ பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவர். இப்படிப்பட்டவர்கள் நடத்திய கம்பெனிக்குப் பழஞ்சொல் பெயரானதில் வியப்பில்லை. அது ஆசைக்காக ஒட்டிய அலங்காரமும் அல்ல: கடலில் நமக்குப் பழைய உரிமை உண்டு என்ற வழக்காடல்.

சங்கம் முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல் கைவிட்டபோது வ.உ.சி. கொழும்புக்கு வந்து வேறொன்றை அமர்த்தினார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. எதிரி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுக்க முன்வந்தது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.

நாவாய் மறுபடி ஏட்டுக்குத் திரும்பியது. பேச்சில் வென்றது அடைமொழி எதுவும் வேண்டாத கப்பல். இப்போது ‘பாய்’ சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பது பழைய கலங்களுக்குத்தான். ஆனால் கொட்டாஞ்சேனைத் தெருவில் நாவாயின் உறவுச் சொல் ஒன்று அன்றாடம் காதில் விழுகிறது. சிங்களத்தில் கப்பலுக்கு ‘நெவ’ என்று பெயர்.