வேலூரில் நிமிர்ந்த விரல்கள்
எலுமிச்சை வாணிபத்துக்குப் பெயர்போன எங்கள் புளியங்குடி போன்ற மலையடிவார ஊர்களில், குஷ்டரோகம் கண்டவனைத் தெய்வசாபத்துக்கு ஆளானவன் என்று ஒதுக்கிவைத்த காலம் நெடிது. ஔஷதத்தால் ரோகம் தணிந்த பின்னும், மடங்கிய விரல்களும் அமுங்கிய நாசியும் உதிர்ந்த புருவமும் அவனைக் காட்டிக்கொடுத்தன.

கொல்லிமலையில் 1914-இல் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கற்பட்டுக் குஷ்டரோக விடுதியில் நோயாளி ஒருவரின் முடங்கிய கையைப் பற்றியபோது, அந்தப் பிடியின் வலிமை கண்டு திகைத்தார். நரம்பு பழுதுற்றதால் சில தசைகளே செயலிழந்தன, ஏனையவை நன்றாகவே இருக்கின்றன என்று தெளிந்த அவர், வலிமை குன்றாத தசையின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பிணைக்கும் சத்திரசிகிச்சையை 1948 முதல் செய்யலானார். பின்னர், தலையின் மயிருள்ள தோல் புருவமாயிற்று. உட்புறம் தோல் ஒட்டி மூக்கு உயர்த்தப்பட்டது. நெற்றித் தோலால் நாசி சமைக்கும் வித்தையை 1794-இல் லண்டன் பத்திரிகை வாயிலாக ஐரோப்பாவுக்குக் கற்பித்த தேசம், தன் குஷ்டரோகிகளை இத்தனை காலம் மறந்திருந்தது விசித்திரமே.

விரல் நிமிர்ந்த வாலிபர் சிலர், நல்ல கைக்கு யாரும் பிச்சையிடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்று முறையிட்டபடி திரும்பி வந்தனர். நியாயமான முறையீடுதான். மிஷனரி மூதாட்டி ஒருவரின் நன்கொடையைக் கொண்டு, தச்சு முதலிய தொழில் பயிற்றும் புதுவாழ்வு நிலையம் அவர்களுக்காகவே எழுந்தது. 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துவந்தார்.