தடைக்கு அகப்படாத பாடல்: நிறவெறி எதிர்ப்பில் வூயிசிலே மினியின் இசை

முன்னுரை

மனித உரிமைப் போராட்டத்தில் ஒரு பாடலின் பங்கினை அறிய, அதன் பொருளை மட்டும் நோக்குதல் போதாது. அது எவ்வடிவில் வழங்கிற்று என்பதையும் காணல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வூயிசிலே மினி (1920-1964) இயற்றிய 'என்டோடெம்ன்யாமா' என்னும் பாடலின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடலும் வடிவமும்

போர்ட் எலிசபெத் நகரின் துறைமுகத் தொழிலாளரான மினி, தொழிற்சங்கத் தலைவராகவும் பாடற்குழுக் கலைஞராகவும் விளங்கியவர். நிறவெறிக் கொள்கையை வகுத்தவர்களுள் முதன்மையானவரான வெர்வூர்டைப் பெயர் சொல்லி விளித்து எச்சரிக்கும் இப்பாடலை அவர் 1950களில் கோசா மொழியில் இயற்றினார். எச்சரிக்கை கடுமையானது; மெட்டோ துள்ளலானது. ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் ஏற்றுப் பாடும் அமைப்பினை உடையதாதலால், இதனைப் பாட இசைக்கருவியோ ஏடோ தேவைப்படவில்லை. எழுத்தறியாத தொழிலாளரும் ஒருமுறை கேட்டுப் பாட இயன்றது.

தடையின் எல்லை

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்பவில்லில் காவலர் சுட்டதில் 69 பேர் இறந்தனர். அடுத்த மாதமே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு தடைசெய்யப்பட்டது. உரிமைக் கோரிக்கையை மேடையில் முழங்குவதும் அச்சிடுவதும் குற்றமாயின. இசையின் மீதான தணிக்கையோ பெரிதும் பொருள்களின் மீதே செயற்பட்டது. இசைத்தட்டுகள் தடைசெய்யப்பட்டன, அரசு வானொலி நிலையத்தில் ஒலிபரப்பக் கூடாத பாடல்கள் தட்டிலேயே கீறிச் சிதைக்கப்பட்டன. வாய்மொழியாகப் பரவிய கூட்டுப்பாடலில் அவ்வாறு கீறுதற்குத் தட்டும் இல்லை. பறிமுதல் செய்தற்குப் படியும் இல்லை.

எனவே அரசு பாடியவரைப் பற்றியது. 1963இல் கைதான மினி, நாசவேலைக் குற்றங்களுக்காகவும் ஒரு கொலைக்கு உடந்தையாயிருந்ததாகவும் தண்டிக்கப்பட்டு, 1964 நவம்பர் 6 அன்று பிரிட்டோரியா சிறையில் இரு தோழர்களுடன் தூக்கிலிடப்பட்டார். அவர்கள் பாடியவாறே தூக்குமேடைக்குச் சென்றதை அச்சிறையிலிருந்த பென் டூரோக் பதிவு செய்துள்ளார்.

நாடு கடந்த குரல்

பாடலின் மற்றொரு வாழ்வு அயல்நாட்டில் அமைந்தது. 1960இல் கடவுச்சீட்டு செல்லாததாக்கப்பட்டுத் தாயகம் திரும்ப இயலாதிருந்த மிரியம் மக்கேபா, 1963இல் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புக் குழுவின் முன் நிறவெறிக்கு எதிராகச் சாட்சியமளித்தார். அதன்பின் அவருடைய இசைத்தட்டுகள் தென்னாப்பிரிக்காவில் தடைசெய்யப்பட்டன. ஹாரி பெலஃபாண்டேயுடன் இணைந்து அவர் 1965இல் வெளியிட்ட தொகுப்பில் மினியின் பாடலும் இடம்பெற்றது. அத்தொகுப்பு 1966இல் கிராமி விருது பெற்றது. தூக்கிலிடப்பட்டவரின் பாடல், அவர் காணாத நாடுகளின் வீடுகளில் ஒலித்தது.

முடிவுரை

உள்நாட்டில் பதிவின்மையும் வெளிநாட்டில் பதிவும் இப்பாடலைக் காத்தன. எனினும் பாடல் மினியின் உயிரைக் காக்கவில்லை. நிறவெறிச் சட்டங்களும் அதனால் மட்டும் வீழ்ந்துவிடவில்லை. பேச்சுரிமை பறிக்கப்பட்ட காலத்தில், கோரிக்கையை மக்கள் நாவில் நிலைநிறுத்தியதே அதன் பணி எனலாம். மறைவாகப் புதைக்கப்பட்டிருந்த மினியின் உடல் 1998இல் தோண்டியெடுக்கப்பட்டு, போர்ட் எலிசபெத்தில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய பாடலை மீட்டெடுக்க வேண்டிய தேவை எழவில்லை.