புல்லட் 350: காற்றால் குளிரும் எஞ்சினில் மிகுசூடு கண்டறிதல்

எஞ்சின் இயல்பான அளவைத் தாண்டிச் சூடாகி, இழுவை குறைந்து, கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே இறுகி நின்றுவிடும் கோளாறு மிகுசூடு எனப்படும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் தண்ணீர் கொதிக்கும், ஆவி கிளம்பும், முள் ஏறும். காற்றால் குளிரும் பழைய எஞ்சினில் இந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அது சூடாக இருப்பதே இயல்பு. எந்தச் சூடு சரியானது, எந்தச் சூடு ஆபத்தானது என்று பிரித்தறிவதுதான் இங்கே கடினமான வேலை.

உலக அளவில் இவ்வகை எஞ்சின்களில் புகழ்பெற்றவை போர்ஷே 911 காரும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும். 1964 முதல் 1998 வரை போர்ஷே 911 தண்ணீரில்லாமலே ஓடியது. தமிழ்நாட்டின் சாலைகளில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது புல்லட். 1955இல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் உருவாக்கிய வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் இது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த எஞ்சின் சந்திக்கும் நெடுஞ்சாலை, சிமெண்டு லாரி, வெயில் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை மிகுசூட்டை விளக்குகிறது.

வெப்பம் வெளியேறும் வழி

பெயரில் காற்று இருந்தாலும் காற்று மட்டும் இந்த எஞ்சினைக் குளிர்விப்பதில்லை. சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றியுள்ள தகடுகள், அதாவது ஃபின்கள், வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கின்றன. பிஸ்டனின் அடிப்பகுதி, பேரிங்குகள், வால்வு ராக்கர் போன்ற காற்றுப் படாத இடங்களின் வெப்பத்தை ஆயில் சுமந்து வருகிறது. கார்ப்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியாகும்போது அதுவும் ஒரு பங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. இந்த மூன்றில் ஒன்று தடுமாறினாலும் மற்ற இரண்டின் மேல் சுமை ஏறும். பட்டறைக்கு வரும் வண்டியில் பெரும்பாலும் ஃபின்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆயிலையும் பெட்ரோலையும் அதே அக்கறையோடு பார்க்காததால்தான் பிஸ்டன் மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்ப வருகிறது.

பொருளின் தன்மையும் முக்கியம். புல்லட்டின் ஹெட் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியத்தைவிட வார்ப்பிரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பத்தைக் கடத்தும். அலுமினிய பிஸ்டனோ அந்த இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். வெப்பம் மெதுவாக வெளியேறும் ஒரு குழாய்க்குள், வேகமாகப் பருக்கும் ஒரு உருளை ஓடுகிறது. புல்லட் இறுகுவதற்கான அடிப்படைக் காரணம் இதுதான்.

எப்போது சூடேறியது?

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்பார். முன்பு ஒரே மாவட்டமாக இருந்த பெரம்பலூரும் அரியலூரும் இதற்கு இரண்டு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. பெரம்பலூர் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையின் மேல் இருக்கிறது. சிறுவாச்சூர், பாடாலூர் வழியாக நெடுந்தூரம் ஒரே வேகத்தில் த்ராட்டிலை முறுக்கிப் பிடித்து ஓட்டும் வாய்ப்பு அங்கே உண்டு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்தது. கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் தூசியைக் குடித்துக்கொண்டே ஊர்ந்து போக வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் வரும் சூடும் ஊர்ந்து போகையில் வரும் சூடும் ஒரே நோய் அல்ல.

ஊர்ந்து போகையில் வரும் சூடு

புல்லட்டில் விசிறி கிடையாது. பழைய ஆட்டோ ரிக்‌ஷா எஞ்சினிலோ பீட்டிலிலோ எஞ்சினே ஒரு விசிறியைச் சுழற்றும். புல்லட்டுக்கு வண்டியின் ஓட்டம் ஒன்றே விசிறி. ஆகவே மெதுவாகப் போகும்போது ஓரளவு சூடு கூடுவது கோளாறு அல்ல. சாலை திறந்து சில கிலோமீட்டர் ஓடியதும் தணிந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. தணியாவிட்டால் ஃபின்களின் இடுக்கைப் பார்க்க வேண்டும்.

அரியலூர் வட்டாரம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கும் அதே படிவுகளிலிருந்துதான் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லும் வெட்டப்படுகிறது. அந்த வெள்ளைத் தூள் காய்ந்த ஃபின் மேல் நிற்காது, காற்றில் பறந்துவிடும். ராக்கர் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிந்திருந்தால் கதை மாறும். ஆயிலும் தூளும் சேர்ந்து களியாகிச் சூட்டில் இறுகி, ஃபின்களுக்கு இடையில் ஓடு போலப் படியும். அது எஞ்சினுக்குப் போர்த்திய கம்பளி. ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கசியும் பேக்கிங்கையும் மாற்ற வேண்டும். கசிவை விட்டுவிட்டுப் படிந்ததை மட்டும் எடுத்தால் சீக்கிரமே மறுபடி படியும். கொதிக்கும் எஞ்சினில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும். திடீரெனச் சுருங்கும் உலோகம் கோணலாகும், விரிசலும் விடலாம்.

முன்பக்கம் மாட்டிய பொருள்களையும் பார்க்க வேண்டும். அகலமான கிராஷ் கார்டு, அதில் கட்டிய பெட்டி, பெரிய விளக்குகள் ஆகியவை காற்றை மறைக்கும். பீட்டில் காரில் ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்ததால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதலாகச் சூடானது. அதற்காகவே அதன் டைமிங்கை மட்டும் சற்றுத் தாமதப்படுத்தி வைத்தார்கள். தொழிற்சாலையே தவறக்கூடிய இடத்தில் நாம் மாட்டும் அலங்காரமும் தவறலாம்.

தூசியின் அடுத்த வேலை ஏர் ஃபில்டரில் நடக்கிறது. அடைபட்ட ஃபில்டரால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், பிளக் கருக்கும், மைலேஜ் விழும். இதனால் எஞ்சின் சூடாவதில்லை. ஆனால் ‘மூச்சு முட்டுகிறது’ என்று ஃபில்டரையே கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அன்றிலிருந்து காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது, எஞ்சின் உண்மையிலேயே சூடாகத் தொடங்குகிறது. சுண்ணாம்புத் தூள் இரும்பைவிட மென்மையானது. அதோடு கலந்து வரும் சாலை மணல் அப்படியல்ல, அது போரை அறுக்கும். இந்த வட்டாரத்தில் ஃபில்டர் இல்லாமல் புல்லட் ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

நெடுஞ்சாலையில் வரும் சூடு

நகருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி, நான்குவழிச் சாலையில் அரை மணி நேரத்தில் தளர்கிறது என்றால் ஃபின்கள் மேல் சந்தேகப்படத் தேவையில்லை. காற்று அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளே பிறக்கும் சூடுதான் அதிகம்.

முதலில் எளியதைத் தீர்த்துவிட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் இரண்டு சக்கரங்களின் ஹப்பையும் தொட்டுப் பார்த்தால் போதும். பிரேக் கட்டை டிரம்மில் ஒட்டிக்கொண்டே ஓடியிருந்தால் ஹப் கையைச் சுடும். எஞ்சின் அந்தப் பிரேக்கையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கிய செயினும் இதே தொல்லையைத் தரும். எஞ்சினைத் திறந்து இரண்டு நாள் தேடிய பிறகு பின் பிரேக்கில் குற்றம் கிடைப்பதைவிட வருத்தமான விஷயம் பட்டறையில் இல்லை.

அடுத்தது பெட்ரோல். டேங்க் மூடியின் காற்றுத் துளை தூசியில் அடைந்தால், சில கிலோமீட்டர் ஓடியபின் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்குவது குறையும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் விடை கிடைத்துவிட்டது. டேப்பின் வடிகட்டி, மெயின் ஜெட் ஆகியவற்றையும் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் திருட்டுக் காற்று நுழைகிறதா என்று அறிய, ஐட்லிங்கில் அந்த இணைப்பின் மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே கசிவு உண்டு.

2023 பிப்ரவரியில் இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. 1 கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணினி இதைச் சரிசெய்துகொள்ளும். பழைய கார்ப்பரேட்டரின் ஜெட் பித்தளையில் போட்ட நிலையான துளை, ஆகவே காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராமல் கலவை வறண்டு போகும். எத்தனால் ஆவியாகும்போது கூடுதல் வெப்பத்தை உறிஞ்சி ஓரளவு ஈடு செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏற்கெனவே வறண்ட செட்டிங்கில் இருந்த வண்டிக்கு ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் தேவைப்படலாம். பழைய ரப்பர்களை எத்தனால் ஊற வைப்பதும், டேங்க்கின் துருவைக் கிளப்பி ஜெட்டுக்கு அனுப்புவதும் தனித் தொல்லை.

கலவை வறண்டிருக்கிறதா என்பதை உறுதி செய்வது பிளக். நெடுஞ்சாலை வேகத்தில் சில கிலோமீட்டர் ஓடி, ஓரத்தில் பாதுகாப்பான இடம் பார்த்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டே இக்னிஷனை அணைத்து நிறுத்த வேண்டும். ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் பிளக் ஐட்லிங்கின் கதையைத்தான் சொல்லும். ஈயமில்லாப் பெட்ரோலில் பிளக்கின் நுனி எப்போதும் வெளிறித்தான் இருக்கும். பீங்கானின் அடிவளையத்தில் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடிவரை சுண்ணாம்பு போல வெளுத்து, மேலே பொடிப் பொடியாக உருகிய புள்ளிகள் தெரிந்தால் வண்டியை அதே வேகத்தில் மேலும் ஓட்டக் கூடாது.

பிறகு டைமிங். வார்ப்பிரும்பு புல்லட்டில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, அது நழுவும் கணத்தைப் பிடிக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. ஆனால் இது நின்ற நிலை டைமிங் மட்டுமே. வேகம் கூடும்போது அதை முன்னுக்குத் தள்ளுவது பாயின்ட் தட்டுக்குப் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் எடைகளும். அவை துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் வண்டி எளிதாக ஸ்டார்ட் ஆகும், மெதுவாக ஓடுகையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வேகத்தில் மட்டும் நெருப்பு தாமதமாகப் பிடித்து, எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறும். ஹெட்டை ஒட்டிய சைலன்சர் குழாயின் குரோம் நீலம் பாய்ந்து கிடப்பது இதற்கு நல்ல சாட்சி.

ஆயில்

புல்லட்டின் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பின் உள்ளேயே தனி அறையாக இருக்கிறது. ஒரு பம்ப் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று திரும்ப இறைக்கும். ராக்கர்களுக்குப் போகும் ஆயில் இந்தத் திரும்பும் வழியிலிருந்து பிரிகிறது. ராக்கர் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி ஐட்லிங்கில் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது எல்லாரும் அறிந்த சோதனை. அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்துக்கு, ஆயில் போகும் வழி வேறு. டைமிங் கவரிலிருந்து கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறிய கார்க் சீல் உண்டு. அது தேய்ந்தால் ஆயில் ஷாஃப்ட்டுக்குள் போகாமல் கவருக்குள்ளேயே ஒழுகிவிடும். ராக்கரில் ஆயில் வரும், டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கும், பிக் எண்ட் புஷ் மட்டும் பட்டினி கிடக்கும். சிலிண்டர் சுவரில் தெறிப்பது பிக் எண்டிலிருந்து சிதறும் ஆயில்தான் என்பதால் பிஸ்டனும் சேர்ந்தே பட்டினி கிடக்கும்.

சூட்டை எண்ணாக அளக்க அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஹெட்டில் ஓரிடத்தில் கறுப்புப் பெயின்ட் பொட்டு வைத்து, எப்போதும் அதையே அளந்து குறித்து வைக்க வேண்டும். நன்றாக இருந்த நாளின் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் இன்றைய எண்ணுக்குப் பொருள் உண்டு.

இறுகிய எஞ்சின்

யாரோ பிரேக் பிடித்தது போல வண்டி திடீரென்று தயங்கினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். அரை மணி நேரமாவது ஆறவிட்ட பிறகு கிக்கரை மெதுவாக மிதித்துப் பார்க்கலாம். அது இறங்கினாலும் பழைய வேகத்தில் ஊர் போய்ச் சேரும் எண்ணம் வேண்டாம். சிலிண்டரைக் கழற்றும்போது பிஸ்டனைத் துடைக்காமல் பார்க்க வேண்டும். சுற்றிலும் சில இடங்களில் செங்குத்தான கீறல் இருந்தால் பிஸ்டன் சூட்டில் பருத்து எல்லாப் பக்கமும் உரசியிருக்கிறது. தலைப்பகுதி அரித்தோ துளையிட்டோ இருந்தால் வறண்ட கலவையும் முந்திய டைமிங்கும் காரணம். பாவாடைப் பகுதி முழுதும் வறட்சியாக வழித்தது போல இருந்தால் ஆயில் எட்டவில்லை. அந்த நிலையில் லேத் பட்டறைக்கு அனுப்பிப் போர் போட்டு ஓவர் சைஸ் பிஸ்டன் மாட்டுவதற்கு முன்னால் டைமிங் கவரைத் திறந்து, அந்தக் கார்க் சீலையும் இரண்டு பம்ப்களையும் பார்த்தாக வேண்டும்.