இறந்தும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பட்டறைக் கருவிகளுக்கும் இது பொருந்தும். ஓடாத டிரில் மெஷின் வீட்டுக்காரருக்குக் குப்பை. பழுதுபார்ப்பவருக்கோ அதனுள்ளே இருக்கும் கியரும் சுவிட்சும் பணம்.

இப்படி 'இறந்துபோன' கருவிகளுக்கும் சிங்கப்பூரில் ஒரு சந்தை இருந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். ரோச்சோர் கால்வாய் ஓரத்தில், 1930களில் உருவான சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைதான் அது. 'திருட்டுச் சந்தை' என்று பெயர் வாங்கினாலும், பெரும்பாலும் கரங்குனிக்காரர்கள் வீடு வீடாகச் சேகரித்தவையே அங்கு வந்தன. கடிகாரம், வானொலி, சட்டை, சுத்தியல் எல்லாம் தரையில் விரித்த துணியில் கிடக்கும். பிரிட்டிஷ் படையினரின் பழைய சாமான்களும் ஒரு காலத்தில் அங்கு விலைபோயின.

கடையில் கிடைக்காத உதிரிபாகம் அங்கே எதற்கு என்று கேட்கலாம். எல்லாப் பாகமும் ஒரே ரகமல்ல என்பதுதான் பதில்.

முதலாவது, பேரிங். அதன் எண்ணைச் சொன்னால் போதும். 608 என்றால் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. எந்த நாட்டில் செய்தாலும் அளவு மாறாது.

இரண்டாவது, கார்பன் பிரஷ். மோட்டாரில் சுழலும் செம்புப் பட்டைகளை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு. செம்பு தேயாமலிருக்கத் தான் தேய்வதே அதன் வேலை. சரியான அளவு அகப்படாவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி அரத்தால் தேய்த்துப் பொருத்துவார்கள். இறுகினால் சிக்கிக்கொள்ளும், தளர்ந்தால் பொறி பறக்கும்.

மூன்றாவது ரகம்தான் தலைவலி. கியர், சுவிட்ச், வெளிக்கூடு ஆகியவை பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின், அந்தந்த மாடலின் சொந்த வார்ப்பு. நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டு, கையிருப்பும் தீர்ந்துவிட்டால், அதே மாடலின் இன்னொரு பழுதான மெஷினிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். மோட்டார் எரிந்த ஒன்றும் கியர் உடைந்த ஒன்றும் சேர்ந்தால் ஓடுகிற ஒரு மெஷின் கிடைத்துவிடும். சுங்கை ரோடு போன்ற இடங்களின் அருமை இங்கேதான்.

பழுதுபார்ப்பைச் சின்னத் தொழிலென்று எண்ணிவிட வேண்டாம். உலகெங்கும் பட்டறைகளில் புழங்கும் மக்கிட்டா நிறுவனம், 1915இல் ஜப்பானின் நகோயா நகரில் மோட்டார்களை விற்றுப் பழுதுபார்க்கும் கடையாகத்தான் தொடங்கியது. மின் இழைப்புளியை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது 1958இல்.

சுங்கை ரோட்டில் வியாபாரிகள் வாடகை கொடுக்கவில்லை. பத்து வெள்ளிக்குப் போகாத பழைய சாமானை அங்கே விற்க முடிந்ததற்கு அதுவே காரணம். 2011இல் எம்ஆர்டி நிலையப் பணிக்காகச் சந்தை ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. 2017 ஜூலை 10ஆம் தேதி அடியோடு மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் நிலையம் திறந்தது.

நிலத்துக்குத் தட்டுப்பாடுள்ள ஊரில் ரயிலுக்கு இடம் வேண்டும்தான். ஆனால் வாடகை கொடுத்து நடத்தும் கடையில் உடைந்த கருவியை அடுக்கி வைத்துக் கட்டுப்படியாகுமா? ஒரு சின்னக் கியருக்காக முழு மெஷினையும் வாங்க நேர்ந்தால், தினக்கூலிக்குத் துளை போடுகிறவரின் கைக்காசுதான் போகிறது.

2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' இயக்கத்தில் தொண்டூழியர்கள் மக்களுக்குப் பழுதுபார்க்கக் கற்றுத் தருகிறார்கள். கைத்திறனை அப்படிக் காப்பாற்றிவிடலாம். கழற்றிப் போட ஒரு பழைய மெஷினும் வேண்டுமே! அதற்கும் ஊரில் ஒரு மூலை ஒதுக்கினால்தான் கற்ற வித்தை பயன்படும்.