நியமனச் செய்தியும் மனச்சாட்சியும்

வரலாற்றறிஞர்களுக்கென வெளிவரும் ஏடுகள் பலவற்றில், கட்டுரைகளுக்குப் பின்னர், நியமனச் செய்திகள் இடம்பெறுவது வழக்கம். இன்னார் பேராசிரியராக அமர்ந்தார், இன்னார் ஓய்வு பெற்றார், இன்னார் வேறிடம் சென்றார் என ஓரிரு வரிகளில் அவை முடிந்துவிடும். கட்டுரைகளை ஊன்றிப் படிக்கும் நாம் இப்பகுதியை எளிதில் கடந்து செல்கிறோம். ஆயினும், ஒருவர் ஒரு பதவியை விட்டு நீங்கினார் என்னும் சிறு செய்திக்குள் ஒரு காலத்தின் வரலாறே அடங்கியிருக்கக்கூடும். இடைக்கால வரலாற்றறிஞர் ஏர்ன்ஸ்ட் கண்டோரோவிச்சின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1895-ஆம் ஆண்டில், அன்று ஜெர்மானியப் பேரரசுக்குள் இருந்த போசன் நகரில், யூதக் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். முதல் உலகப் போரில் போர்வீரராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின், பொதுவுடைமையரின் கிளர்ச்சிகளை எதிர்த்த தொண்டர் படைகளிலும் ஆயுதம் ஏந்தினார். பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பற்றி 1927-இல் இவர் வெளியிட்ட நூல் பெரும்புகழ் ஈட்டியது. 1932-இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மறு ஆண்டே ஹிட்லரின் ஆட்சி பிறந்தது. 1933 ஏப்ரல் 7-இல் இயற்றப்பட்ட சட்டம் யூதர்களை அரசுப் பணியினின்று அகற்றியது. போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு இருந்தமையால் கண்டோரோவிச் பதவியில் நீடித்திருக்க இயலும். அவரோ, தம் இனத்தார் இழிவுபடுத்தப்படுகையில் தாம் கற்பித்தல் தகாது எனக் கருதி விடுப்புக் கோரினார். பின்பு மீண்டும் விரிவுரையாற்ற வந்தபோது மாணவர்களின் எதிர்ப்பைச் சந்தித்தார். 1934-இல் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பணியினின்று விலகினார். 1938-இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1939-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கும் ஒரு பிரமாணம் அவரை எதிர்கொண்டது. தாம் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர் என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும் எனப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1949-இல் விதித்தது. பொதுவுடைமையரை எதிர்த்துப் போரிட்ட ஒருவருக்கு இதில் கையொப்பமிடுவது எளிதன்றோ? ஆயினும் அவர் மறுத்தார். முதலில் தீங்கற்றதாய்த் தோன்றும் பிரமாணம் படிப்படியாக எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஜெர்மனியில் கண்டவராக, 1949 ஜூன் மாதத்தில் ஆசிரியர் பேரவையின்முன் அவர் எச்சரித்தார்.

அவரது வாதம் கட்சி அரசியலைச் சார்ந்ததன்று. பணியின் இயல்பைச் சார்ந்தது. நீதிபதி, குருவானவர், பேராசிரியர் ஆகிய மூவரே அங்கி அணியும் உரிமை பெற்றோர் என அவர் சுட்டிக்காட்டினார். அவ்வங்கி தன் மனச்சாட்சியின்படி தீர்மானிக்கும் பொறுப்பின் அடையாளமாகும். நீதிபதிகள் நீதிமன்றத்தின் கூலியாட்கள் அல்லர், அவர்களே நீதிமன்றம். அதுபோன்றே ஆசிரியரும் மாணவருமே பல்கலைக்கழகம். வேலையிழப்பைக் காட்டி அச்சுறுத்திப் பெறும் கையொப்பம் அங்கியின் மாண்பையே அழித்துவிடும் என்பது அவர் கருத்து.

1950 ஆகஸ்டு மாதத்தில், கையொப்பமிடாத 31 பேர் நீக்கப்பட்டனர். குடும்பப் பொறுப்பினாலும் வறுமைக்கு அஞ்சியும் கையொப்பமிட்டோரைக் கோழைகள் என நாம் தீர்ப்பிடல் ஆகாது. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பாரமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 1951-இல் கண்டோரோவிச் பிரின்ஸ்டனிலுள்ள உயராய்வு நிறுவனத்திற்குச் சென்றார். 1952-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்டோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மனச்சாட்சியின் உரிமை அத்தீர்ப்புக்கு அடிப்படையன்று. அரசு ஊழியர் அனைவருக்கும் மாநிலச் சட்டம் ஏற்கெனவே ஒரு பிரமாணத்தை வகுத்திருக்க, பல்கலைக்கழகம் தனியாக வேறொன்றை விதித்தல் இயலாது என்பதே காரணம். ஆகவே, அவர் எழுப்பிய வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை.

1957-இல் வெளிவந்த அவரது பெருநூல், அரசனுக்கு இரு உடல்கள் உண்டு என்னும் இடைக்காலக் கோட்பாட்டை ஆராய்ந்தது. மாளும் உடல் ஒன்று; மாளாத பதவியின் உடல் மற்றொன்று. பதவியின் மாண்பைக் காக்கும் பொருட்டே இருமுறை பதவியைத் துறந்த ஒருவர் இந்நூலை இயற்றினார் என்பது நம் சிந்தனைக்குரியது. 1963-இல் அவர் மறைந்தார். இனி நியமனச் செய்திகளை வாசிக்கையில், யார் அமர்ந்தார் என்பதோடு, எந்நிபந்தனையின்பேரில் அமர்ந்தார் என்பதையும் நாம் வினவுவோமாக.