கரையிறங்கியோர் தங்கிய இடங்கள்: பினாங்கு லிட்டில் இந்தியா



சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பினாங்கு லிட்டில் இந்தியாவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். கோயிலைக் கண்டோம், பள்ளிவாசலைக் கண்டோம். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, கப்பலைவிட்டு இறங்கிய அன்றிரவு நம் முன்னோர் எங்கே படுத்தார்கள்?" என்று வினவினான். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டிருந்த நான், தங்கிய இடங்களை மறந்திருந்தேன். அவ்வினாவிற்கான விடையே இக்கட்டுரை.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைப்பற்றியபோது இக்கரை பெரும்பாலும் காடாகவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்து, உழைத்துச் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என அவரே எழுதியுள்ளார். வந்தவர் நிலையாகக் குடியேறவில்லை. ஆதலால் அவர்களுக்குத் தேவைப்பட்டது வீடன்று, தங்குமிடமே.

அத்தங்குமிடங்களுள் சிறப்பானது கிட்டங்கி. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய நீண்ட கூடம் அது. ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பெட்டகமும் தாழ்ந்த எழுதுமேசையும் உண்டு. பகலில் தரையில் அமர்ந்து கணக்கெழுதுவர். இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்து உறங்குவர். சமையல் பொதுவானது. மனைவி மக்களை ஊரில் விட்டுவந்து மூன்றாண்டுகள் இவ்வாறு கழித்தவர் பலர். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வெள்ளி இரதம் இத்தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்தே புறப்படுகின்றது. அவ்விரதம் 1894ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றது.

துறைமுகத் தொழிலாளர்க்குக் கிட்டங்கி இல்லை. குயின் தெருவையும் அதன் அண்டைத் தெருக்களையும் சார்ந்த நெருக்கமான அறைகளில் பலராகச் சேர்ந்து தங்கினர். அவர்களுக்கு ஆறுதலாக விளங்கியது 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். தமிழ் முஸ்லிம்களுக்குக் காதர் மொகிதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருந்தது. சூலியாத் தெருவில் நாகூர் தர்காவும் உண்டு. கடலோர ஊரான நாகூரில் அடங்கிய சாகுல் அமீது ஆண்டகையின் நினைவாக அது எழுப்பப்பட்டது. கடலைக் கடந்து உயிரோடு வந்தவன் முதலில் நன்றி சொல்ல ஓரிடம் வேண்டுமல்லவா?

எல்லாரும் நேரே நகருக்குள் வந்துவிடவுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், நோய்த்தடுப்பிற்காகக் கப்பல் பயணிகள் பலர் சில நாள்கள் ஜெரஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டனர். பின்னாளில் 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களின் நினைவுகள் இன்றும் நம் குடும்பங்களில் வாழ்கின்றன.

காலம் மாறியது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு சனவரியில் முடிவுற்றது. வாடகை உயர்ந்தது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008இல் ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. கட்டடங்கள் காக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அங்கு வாழ்ந்தவரின் கதையைச் சுவர்கள் தாமாகச் சொல்லமாட்டா.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் இத்தெருக்களில் நடந்து செல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதச் செய்யுங்கள்: எந்தக் கப்பலில் வந்தோம்? முதலில் எங்கே தங்கினோம்? முதல் வேளைச் சோறு யார் தந்தது? ஆசிரியர்களே! அவ்விடைகளை வகுப்பில் தொகுத்து வையுங்கள். விடை சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.