விண்மீன்களுக்குப் போகும் கப்பலில் யாருக்கு இடம்?

விண்கப்பலும் அண்டப் போரும் நிறைந்த சாகசக் கதைகளுக்கு 1941இல் வில்சன் டக்கர் 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயர், நிலைத்துவிட்டது. அக்கதைகளின் ஈர்ப்பு எளியது: பிறந்த தெருவைத் தாண்டிப் போகலாம். ஊர் ஒருபக்கம், காலனி ஒருபக்கம் என்று கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வானத்துக்கும் வாசற்படி இருந்தது. ஹார்லெமில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவலில் விண்கப்பல் தலைவனின் தாய் செனகல் நாட்டவர். அதைத் தொடராக வெளியிட 'அனலாக்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பல் மறுத்தார். கறுப்பு நாயகனோடு வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம் என்று டிலேனி பின்னாளில் பதிவு செய்தார். 1968இல் நாவல் நூலாக வந்தது, இன்றும் வாசிக்கப்படுகிறது.

கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத விரும்பிய ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அவர் எழுதாமல் போன பக்கங்களும் நம் வரலாறுதான்.

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் விண்வெளித் துகள் பற்றிய பேச்சு நம் பொட்டிபுரம் வரை வந்துவிட்டது. நாளைய கதையில் கப்பலைச் செலுத்துவது யார்? அதை நாம் எழுதாவிட்டால், வேறு யாரோ நம்மை விட்டுவிட்டு எழுதுவார்கள்.